பரண் எத்தனை மூட்டை தாங்கும்? உத்திரக் கணக்கு: வணிகர்களுக்கு ஒரு பாடம்



நம் கடையில் கணக்கு எழுதாத இனம் கிடையாது. கொள்முதல், இருப்பு, நிலுவை, சேதாரம், போதாக்குறைக்கு ஜி.எஸ்.டி. என்று எல்லாவற்றுக்கும் ஏடு வைத்திருக்கிறோம். ஆனால் நம் தலைக்கு மேல் இருக்கும் பரணில் எத்தனை கிலோ ஏற்றியிருக்கிறோம், அதன் உத்திரம் எத்தனை கிலோ தாங்கும் என்று நம்மில் எத்தனை பேர் கணக்குப் பார்த்திருக்கிறோம்? "அப்பா காலத்துக் கட்டை, யானையே ஏறி நின்றாலும் அசையாது" என்பதுதான் நம்மிடம் உள்ள ஒரே கணக்கு. அந்தக் கணக்கு தப்பு என்பதை நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம்.

மாரண்டஹள்ளியில் எங்கள் குடும்பம் புளி, வெல்லம், ராகி, பருப்பு என்று மொத்த வியாபாரம் செய்து வருகிறது. நம் பக்கத்தில் மாசி, பங்குனி வந்தால் புளி வரத்து. வருஷம் முழுவதும் விற்க வேண்டிய சரக்கை அந்த இரண்டு மாதத்தில் வாங்கி அடுக்க வேண்டும். 1988-ஆம் வருடம் கிட்டங்கி நிரம்பிவிட்டது. மிச்சத்தைக் கடைப் பரணில் மூன்று அடுக்காக ஏற்றினோம். ஒரு மாதம் கழித்து, பரணுக்குக் கீழே இருந்த சுவர் அலமாரியின் கதவு திறக்கவில்லை. மரம் ஈரத்தில் ஊதிவிட்டது என்று ஆசாரியை அழைத்து இழைக்கச் சொன்னோம். பத்து நாளில் மறுபடியும் இறுகியது. மறுபடியும் இழைத்தோம். உத்திரம் தொய்ந்து நிலையை அமுக்குகிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒரு நாள் மத்தியானம் உத்திரம் நடுவில் முறிந்து பதினெட்டு மூட்டையும் கீழே வந்தது. அதற்கு நேர் கீழேதான் எங்கள் கணக்கப்பிள்ளையின் மேசை. அவர் சாப்பிடப் போயிருந்தார். கால் மணி நேரம் முன்னால் முறிந்திருந்தால் நாங்கள் அவர் வீட்டாருக்கு என்ன பதில் சொல்லியிருப்போம்?

அதன் பிறகு ஓய்வு பெற்ற ஓவர்சியர் ஒருவர் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எங்களுக்குப் போட்டுக் காட்டிய கணக்கைத்தான் இங்கே எழுதுகிறோம். பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும்.

முதல் பாடம்: இரண்டு தோள்கள்

ஒரு மூங்கிலில் 80 கிலோ மூட்டையைக் கட்டி இரண்டு பேர் தோளில் தூக்குகிறார்கள். மூட்டை நடுவில் இருந்தால் ஆளுக்கு 40 கிலோ. மூங்கில் 4 மீட்டர், மூட்டை முன்னவரிடமிருந்து 1 மீட்டரில் இருக்கிறது என்றால் முன்னவருக்கு 60 கிலோ, பின்னவருக்கு 20 கிலோ. யாருக்குப் பக்கமோ அவருக்குப் பாரம் அதிகம். பழைய தூக்குக்கோலில் சின்னக் குண்டை நகர்த்திப் பெரிய மூட்டையை நிறுத்தோமே, அதே நியாயம்தான். எடையை மட்டும் பார்த்தால் போதாது. எடையைத் தூரத்தால் பெருக்கிப் பார்க்க வேண்டும்.

உத்திரத்தின் இரண்டு முனையைத் தாங்கும் சுவர்கள்தான் அந்த இரண்டு தோள்கள்.

இரண்டாம் பாடம்: வளைப்பு

உத்திரம் பெரும்பாலும் முனையில் முறிவதில்லை, நடுவில்தான் முறிகிறது. காரணம், முனையிலிருந்து நடுவுக்குள்ள தூரம். நடுவில் ஒரே இடத்தில் பாரம் வைத்தால் ஒவ்வொரு சுவரும் பாதிப் பாரத்தை மேல்நோக்கித் தாங்குகிறது. அந்தப் பாதிப் பாரம் பாதி நீளத்துக்கு அப்பால் இருந்து உத்திரத்தை நடுவில் வளைக்கிறது. பாதியைப் பாதியால் பெருக்கினால் கால். ஆகவே,

நடுவில் வைத்த பாரத்தின் வளைப்பு = பாரம் × நீளம் ÷ 4

அதே பாரத்தை நீளம் முழுவதும் சமமாகப் பரப்பி வைத்தால், உத்திரத்தின் ஒவ்வொரு பாதியிலும் உள்ள மூட்டைகள் கீழ்நோக்கி அழுத்தி, சுவர் கொடுக்கும் வளைப்பில் பாதியைக் குறைத்துவிடுகின்றன. ஆகவே,

பரப்பி வைத்த பாரத்தின் வளைப்பு = பாரம் × நீளம் ÷ 8

வணிகருக்கு இதிலேயே பாதி லாபம் இருக்கிறது. ஒரே உத்திரம், ஒரே எடை. நடுவில் குவித்தால் வருகிற கஷ்டம், பரப்பி வைத்தால் பாதியாகிறது. நாமோ ஏணிக்கு வசதி என்று நடுவிலேயே குவிக்கிறோம்.

மூன்றாம் பாடம்: கட்டையின் எண்

ஒரு ரப்பர் துண்டை வளைத்துப் பாருங்கள். மேல்பக்கம் அமுங்கும், கீழ்ப்பக்கம் இழுபடும், நடுப்பகுதி சும்மா இருக்கும். உத்திரமும் அப்படியே. மேலும் கீழும் உள்ள மரம்தான் வேலை செய்கிறது. அதனால் கட்டை எவ்வளவு உயரமாக நிற்கிறதோ அவ்வளவு பலம். 1638-இல் இத்தாலிய அறிஞர் கலிலியோ, உத்திரத்தின் பலம் அகலத்தின்படியும் உயரத்தின் வர்க்கத்தின்படியும் கூடுகிறது என்று எழுதினார். உள்ளே எது அமுங்குகிறது, எது இழுபடுகிறது என்ற விவரத்தில் அவர் கணக்கு தவறியது. பின்வந்த பிரெஞ்சு அறிஞர்கள் திருத்தினார்கள். இன்று பொறியாளர் போடும் கணக்கு இது:

கட்டையின் எண் = அகலம் × உயரம் × உயரம் ÷ 6

10 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரம் உள்ள கட்டையை எடுத்துக்கொள்வோம். நிறுத்தி வைத்தால் 10 × 15 × 15 ÷ 6 = 375. அதையே படுக்க வைத்தால் 15 × 10 × 10 ÷ 6 = 250. அதே கட்டை, அதே விலை. படுக்கப் போட்டதால் மூன்றில் ஒரு பங்கு பலம் போயிற்று.

எங்கள் உத்திரத்துக்கு வருவோம். 10-க்கு 15 கட்டைதான். ஆனால் மின்சாரக் குழாய் போவதற்காக அதன் நடுவில், அடிப்பக்கத்தில் 3 செ.மீ. ஆழத்துக்கு நாங்களே வெட்டச் சொல்லியிருந்தோம். மிஞ்சிய உயரம் 12. எண் 10 × 12 × 12 ÷ 6 = 240. உயரத்தில் போனது ஐந்தில் ஒரு பங்கு; பலத்தில் போனதோ மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே. எந்த இடத்தில் இழுவிசை அதிகமோ அந்த இடத்திலேயே வெட்டினோம்.

நான்காம் பாடம்: மூட்டைக் கணக்கு

மரத்துக்கு மரம் சக்தி வேறு. நல்ல தேக்கு கூடுதலாகத் தாங்கும். ஆனால் நம் கடைகளில் உள்ளது என்ன மரம், எத்தனை வயது என்று தெரியாது. ஆகவே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 80 கிலோ என்று கையை இறுக்கிப் பிடித்துக் கணக்குப் போடுவது நல்லது. கரையான் அரித்த கட்டைக்கு இந்தக் கணக்கே கிடையாது. அதை மாற்ற வேண்டியதுதான்.

வெட்டு இல்லாத நல்ல கட்டை, சுவருக்குச் சுவர் 3 மீட்டர், அதாவது 300 செ.மீ. என்று வைப்போம்.

தாங்கும் வளைப்பு: 375 × 80 = 30,000.
நடுவில் ஒரே இடத்தில்: 30,000 × 4 ÷ 300 = 400 கிலோ.
பரப்பி வைத்தால்: 30,000 × 8 ÷ 300 = 800 கிலோ.

இந்த 800-ஐ அப்படியே சரக்குக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. கழிவுகள் உண்டு. உத்திரத்துக்கு உத்திரம் 1 மீட்டர் இடைவெளி என்றால், கட்டையின் சொந்த எடையும் அதன் பங்குக்கு வரும் பலகையின் எடையும் சேர்ந்து ஏறக்குறைய 100 கிலோ. மீதி 700. மூட்டை அடுக்க இரண்டு பேர் மேலே ஏறுகிறார்கள். இருவரும் சேர்ந்து 140 கிலோ. அவர்கள் நடுவில் நின்றால், மேலே பார்த்தபடி அது பரப்பி வைத்த 280 கிலோவுக்குச் சமம். அதையும் கழித்தால் மீதி 420. ஆக, 50 கிலோ மூட்டை 8 தான்.

ஒரு உத்திரத்தின் பங்குக்கு 3 சதுர மீட்டர் பலகை. 50 கிலோ மூட்டை படுத்தால் ஏறத்தாழ அரைச் சதுர மீட்டர் பிடிக்கும். ஆக ஓர் அடுக்குக்கு 6 மூட்டை. ஓர் அடுக்கு தாராளமாகப் போடலாம். இரண்டாவது அடுக்கு போட்டால் 12, அது கூடாது.

நாங்கள் போட்டது மூன்று அடுக்கு. 18 மூட்டை, 900 கிலோ. சொந்த எடையோடு 1,000. வெட்டுப்பட்ட எங்கள் கட்டையின் கணக்கு 240 × 80 × 8 ÷ 300 = 512 கிலோ. இருமடங்கு ஏற்றியிருக்கிறோம். நல்ல மரம் சில நாள் அதையும் பொறுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் இறக்காமல் வைத்தால் பொறுக்காது.

இன்னொன்று. தோளிலிருந்து மூட்டையைத் தொப்பென்று போட்டால், அந்த ஒரு நொடி உத்திரத்துக்கு அதன் எடை இருமடங்குக்கு மேலாகத் தெரியும். மெதுவாக இறக்கச் சொல்லுங்கள். முன்பு சர்க்கரை 100 கிலோ மூட்டையாக வந்தது, இப்போது 50 கிலோ. அரிசி 26 கிலோப் பையாகவும் வருகிறது. பை சிறியதானதால் ஏற்றுவது சுலபமாகிவிட்டது. அதனாலேயே எத்தனை ஏற்றினோம் என்பது மறந்துபோகிறது. மூட்டை எண்ணிக்கையை விட்டுவிட்டு மொத்தக் கிலோவைப் பாருங்கள். 15 கிலோ எண்ணெய் டின் இருபது என்றால் 300 கிலோ.

ஐந்தாம் பாடம்: நீளமும் தொய்வும்

அதே கட்டையை 4 மீட்டர் அகலக் கடைக்குப் போட்டால் 800 கிலோ 600 ஆகக் குறையும். தொய்வோ இன்னும் வேகமாக ஏறும். ஒரே பாரத்துக்கு, 3 மீட்டரில் 1 செ.மீ. தொய்கிற உத்திரம் 4 மீட்டரில் ஏறக்குறைய 2.4 செ.மீ. தொய்யும்.

நாம் சொன்ன 3 மீட்டர் உத்திரம் முழுப் பாரமான 800 கிலோவில் சுமார் 1 செ.மீ. தொய்யும். ஆகவே ஒரு நூலை முனையிலிருந்து முனைக்கு உத்திரத்தின் அடியில் இறுக்கிப் பிடியுங்கள். நடுவில் உத்திரம் நூலை எவ்வளவு கீழே தள்ளுகிறது என்று பாருங்கள். 3 மீட்டருக்கு 1 செ.மீ. தாண்டினால் அன்றைக்கே சரக்கை இறக்குங்கள். இறக்கிய பிறகும் தொய்வு நிமிராவிட்டால் மரம் களைத்துவிட்டது என்று பொருள். எங்கள் அலமாரிக் கதவு இதைத்தான் இரண்டு முறை சொன்னது. நாங்கள் உளி கொண்டு அதன் வாயை அடைத்தோம்.

ஆறாம் பாடம்: கர்டரும் சுவரும்

இப்போது பலரும் இரும்புக் கர்டர் போடுகிறார்கள். 150 மில்லி மீட்டர் உயரமுள்ள, மீட்டருக்கு சுமார் 15 கிலோ எடையுள்ள ஐ வடிவக் கர்டருக்குக் கட்டையின் எண் 96.9. இரும்புக்கு 1,500 கிலோ என்று நிதானமாக வைத்தால் 4 மீட்டர் நீளத்தில் பரப்பிய பாரம் 96.9 × 1,500 × 8 ÷ 400 = ஏறத்தாழ 2,900 கிலோ. கர்டர் பக்கவாட்டில் சாயாதபடி மேல்பகுதி பிடித்துக் கட்டப்பட்டிருந்தால்தான் இந்தக் கணக்கு.

கர்டர் தாங்கும், சுவர் தாங்குமா? ஒவ்வொரு முனைக்கும் 1,450 கிலோ. கர்டரின் அடி 8 செ.மீ. அகலம், சுவருக்குள் 15 செ.மீ. போனால் உட்காரும் இடம் 120 சதுர செ.மீ. சதுர சென்டிமீட்டருக்கு 12 கிலோ விழுகிறது. மண் சாந்தில் கட்டிய பழைய செங்கல் சுவர் இதற்கு நொறுங்கும். கர்டருக்கு அடியில் 30-க்கு 30 செ.மீ. கருங்கல் ஒன்றைப் பதித்தால் அதே பாரம் 900 சதுர செ.மீட்டரில் பரவி 1.6 கிலோவாகக் குறைகிறது. நம் மாவட்டத்தில் கருங்கல்லுக்குப் பஞ்சமா?

கருங்கல் பலகை பாவிய கூரைகளும் நம் பக்கத்தில் உண்டு. அவற்றின் மேல் சரக்கு ஏற்றவே வேண்டாம். கல் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. மரம் தொய்ந்து முன்கூட்டிச் சொல்லும். கல் சொல்லாமல் முறியும்.

ஏழாம் பாடம்: நடுக்கால்

பரண் தொய்ந்தால் நாம் செய்யும் வைத்தியம், நடுவில் ஒரு கால் கொடுப்பது. நல்ல வைத்தியம்தான். நீளம் பாதியாவதால் பலம் பெருமளவு கூடுகிறது. ஆனால் இதில் ஒரு கண்ணி உண்டு. கலிலியோ அதே நூலில் ஒரு சம்பவம் சொல்கிறார். ஒரு பெரிய பளிங்குத் தூணை இரண்டு தாங்கல்கள் மேல் படுக்க வைத்திருந்தார்கள். நடுவில் முறியுமோ என்று பயந்து ஒரு மூன்றாவது தாங்கலை நடுவில் கொடுத்தார்கள். சில மாதத்தில் தூண் சரியாக அந்த நடுத்தாங்கலுக்கு மேலேயே விரிந்தது. ஒரு முனைத் தாங்கல் உளுத்து இறங்கிவிட்டது. நடுத்தாங்கல் மட்டும் உறுதியாக நின்றது. தூணின் பாதி அந்தரத்தில் தொங்கியது. உதவிக்கு வைத்ததே முறித்துவிட்டது.

ஆகவே நடுக்கால் கொடுத்தால் முனைகளை மறக்கக் கூடாது. சுவரில் புதைந்த முனைதான் முதலில் உளுக்கும். மேலும், பரப்பிய பாரத்தில் எட்டில் ஐந்து பங்கு நடுக்காலின் தலையில் விழும். அந்தக் காலை வெறும் தரை ஓட்டின் மேல் நிறுத்தினால் ஓடு உடைந்து கால் இறங்கும். அடியில் கல்லும், கல்லுக்கு அடியில் கெட்டித் தரையும் வேண்டும்.

எட்டாம் பாடம்: வாடகைக்கு எடுத்த மாடி

கான்கிரீட் உத்திரத்துக்கு நாம் கணக்குப் போட முடியாது. பலம் உள்ளே இருக்கும் கம்பியில் இருக்கிறது; வெளியே தெரியாது. ஆனால் என்ன பாரத்துக்குக் கட்டினார்கள் என்று கேட்கலாம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 875 என்ற விதியின் இரண்டாம் பகுதி, 1987-இல் வந்தது, இதைச் சொல்கிறது. கிலோவாக மாற்றினால், ஒரு சதுர மீட்டருக்கு வீட்டு அறை சுமார் 200 கிலோ, சில்லறைக் கடை 400 கிலோ. சரக்குக் கிட்டங்கிக்கு அடுக்கும் உயரம் மீட்டருக்கு 240 கிலோ வீதம், எப்படியும் 750 கிலோவுக்குக் குறையாமல் வைத்துக் கட்ட வேண்டும்.

50 கிலோ மூட்டை அரைச் சதுர மீட்டர் பிடித்தால் ஓர் அடுக்கு சதுர மீட்டருக்கு 100 கிலோ. வீடாகக் கட்டிய மாடியில் இரண்டாவது அடுக்கிலேயே எல்லை வந்துவிட்டது. வாடகை குறைவு என்று அந்த மாடியை எடுத்து ஆறு அடுக்குப் போட்டால் 600 கிலோ. கீழ் வீட்டில் குடும்பம் இருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. தென்கொரியத் தலைநகர் சியோலில் 1995 ஜூன் 29 அன்று சாம்பூங் என்ற பெரிய அங்காடி இடிந்து 502 பேர் மாண்டார்கள். திட்டத்தில் இல்லாத ஒரு மாடியைச் சேர்த்ததும், கனமான குளிர்சாதன இயந்திரங்களைக் கூரையில் வைத்து இழுத்து இடம் மாற்றியதும் காரணங்களில் முக்கியமானவை. வங்கதேசத்தில் 2013 ஏப்ரல் 24 அன்று ரானா பிளாசா இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் என்று கட்டிய கட்டடத்தில் தையல் ஆலைகளையும் ஜெனரேட்டர்களையும் ஏற்றியிருந்தார்கள். முதல் நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழே இருந்த வங்கியும் கடைகளும் மூடிவிட்டன. மேலே இருந்த ஆலைத் தொழிலாளர்களை மறுநாள் வேலைக்கு வரச் சொன்னார்கள். ஒரு நாள் வியாபாரம் போனாலும் போகட்டும் என்று கடையைப் பூட்டியவர்கள் பிழைத்தார்கள். இதைப் படிக்கும் வணிகர்கள் அந்த ஒரு நாளை மறக்கக் கூடாது.

நாம் செய்ய வேண்டியது

1. உத்திரத்தின் அகலம், உயரம், நீளம் மூன்றையும் இன்றே அளந்து, மேலே சொன்ன கணக்கைப் போடுங்கள்.

2. வந்த எண்ணிக்கையில் "இந்தப் பரணில் 8 மூட்டைக்கு மேல் ஏற்றக் கூடாது" என்பது போலப் பெயிண்டில் பரணின் நெற்றியிலேயே எழுதிவிடுங்கள். முதலாளி கடையில் இல்லாத நேரத்திலும் அந்த எழுத்து இருக்கும்.

3. கனமான சரக்கு தரையில், லேசான சரக்கு மேலே. மேலே வைப்பதையும் சுவர்ப் பக்கமாக வையுங்கள்.

4. உத்திரத்தின் அடிப்பக்கம் நடுவில் எதற்காகவும் வெட்ட விடாதீர்கள். குழாய் போக வேண்டுமானால் உத்திரத்துக்கு வெளியே கிளிப் அடித்துக் கொண்டுபோகலாம்.

5. வருஷத்துக்கு ஒரு முறை, புளி வரத்துக்கு முன்னால், நூல் பிடித்துப் பாருங்கள். சுவருக்குள் போகும் முனையை ஆணியால் குத்திப் பாருங்கள்.

6. கதவு இறுகினால், ஓடு விரிந்தால், இரவில் மரம் முனகினால் ஆசாரியை அழைக்கும் முன் சரக்கை இறக்குங்கள்.

7. பரணுக்கு நேர் கீழே யாரும் உட்காரவோ படுக்கவோ இடம் போடாதீர்கள்.

8. கர்டர், கான்கிரீட், மாடிக் கிட்டங்கி என்று வரும்போது பொறியாளரைக் கேளுங்கள். இந்தப் பாடம் எச்சரிக்கையாக இருப்பதற்கு. அவருக்குப் பதிலாக அல்ல.

அன்று முறிந்த உத்திரத்தின் ஒரு முழத் துண்டை எங்கள் கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் இன்னும் வைத்திருக்கிறோம். குழாய்க்கு வெட்டிய அந்த 3 செ.மீ. பள்ளம் அதில் தெளிவாகத் தெரியும். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு விலைப்பட்டியலைக் காட்டுவதற்கு முன்னால் அதைத்தான் காட்டுகிறோம். மாரண்டஹள்ளிப் பக்கம் வரும் வணிக நண்பர்களும் கடைக்கு வந்து பார்க்கலாம்.